கம்ப்யூட்டருக்குப் பூசையும் வேண்டாம், விரயமும் வேண்டாம்

(தர்மபுரியில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கலாசாலைகளிலுள்ள கம்ப்யூட்டர்களைப் பற்றியதாகும். இங்கு வந்திருப்பவர்களில் அநேகர் ராகி சாகுபடி செய்தும், ஆடு மாடு மேய்த்தும், பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போயும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள். “நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. செட்டிக்கரையில் 2013 இல் சர்க்கார் இன்ஜினீயரிங் காலேஜ் ஏற்பட்டது. பைசுஅள்ளியில் பெரியார் சர்வகலாசாலையின் மையம் இருக்கிறது. இம்மாதிரி இடங்களில் செலவாவது நமது வரிப்பணம். படிப்பது நமது பிள்ளைகள். கெடுவதானால் கெடுவதும் நமது தண்ணீரும் காற்றுமேயாகும்.

சில நாட்களுக்கு முன் ஒரு கலாசாலைக்குப் போயிருந்தேன். அதன் பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையுமுன் “செருப்பைக் கழற்றுங்கள்” என்றார்கள். தூசி போகாமலிருக்க என்றால் சரிதான், கழற்றினேன். உள்ளே பார்த்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. மணி மாலை ஐந்து. பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அறுபது கம்ப்யூட்டர்களும் எரிந்துகொண்டே இருந்தன. “ஏனய்யா அணைக்கவில்லை?” என்று கேட்டேன். “அடிக்கடி அணைத்தால் மெஷின் கெட்டுப் போகும்” என்றார் அங்கிருந்தவர். “யார் சொன்னது?” என்றேன். “எனக்கு முன்னே இருந்தவர் சொன்னார்” என்றார். அவருக்கு யார் சொன்னது? அதற்கு முன்னே இருந்தவர்! தோழர்களே, நமது நாட்டில் மற்ற எல்லா மூடப்பழக்கங்களும் எப்படி வந்தனவோ அப்படியேதான் இதுவும் வந்திருக்கிறது. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தினம் ஒருமுறை அணைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இதனால் ஏற்படும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்ப்யூட்டர் திரையோடு சேர்ந்து சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மாலை ஐந்து முதல் காலை ஒன்பது வரை 16 மணி நேரம். அறுபது கம்ப்யூட்டருக்கு ஒரு இரவில் சுமார் 58 யூனிட் ஆகிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 இல் சர்க்கார் ஏற்பாடு செய்தது. அதாவது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை இந்த ஒரு அறை ஆளில்லாமலே இரண்டு இரவில் தின்றுவிடுகிறது!

இந்த மின்சாரம் ஆகாயத்திலிருந்து வருவதல்ல. பக்கத்து மேட்டூரிலே நிலக்கரியை எரித்துத்தான் பெருமளவு மின்சாரம் செய்கிறார்கள். நமது தேசத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. அந்த ஒரு அறையின் ஒரு இரவுக்கு 40 கிலோ! வெயில் ஏறுகிறது, மழை தவறுகிறது என்று யாகம் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்தச் சுவிட்சை அணைக்கட்டும்.

நிற்க, குளிர்சாதன யந்திரத்தை 18 டிகிரியில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய சர்க்காரின் எரிசக்தி சிக்கன இலாகா சொல்லுகிறது. 2020 முதல் நட்சத்திர முத்திரையுள்ள வீட்டு யந்திரங்கள் 24 டிகிரியில் துவங்கும்படியே செய்யப்படுகின்றன. அதைக் குறைத்து வைப்பது நமது கைதான்.

இன்னொரு புரட்டு ‘மேகம்’ என்பது. கணக்குகளையும் படங்களையும் ‘கிளவுடில் வைத்திருக்கிறோம்’ என்கிறார்கள். மேலுலகம் மாதிரி இதுவும் மேலே எங்கேயோ இருக்கிறதென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மேலே ஒன்றுமில்லை. அது சிறுசேரியிலும் மும்பையிலும் கட்டியிருக்கும் கட்டிடங்களுக்குள் இரவு பகலாக ஓடும் யந்திரம். மின்சாரம் தின்று, பல இடங்களில் தண்ணீரும் குடிப்பது. வேண்டாததை அங்கே குவிப்பதும் செலவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய விரயம், நன்றாயிருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கி எறிவதாகும். 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்குக் கம்பெனிக்காரர்கள் வழக்கமான பாதுகாப்பை நிறுத்தினார்கள். புதிய விண்டோஸ் பழைய மெஷின் பலவற்றில் ஏறாது. உடனே “எல்லாம் காலாவதி, புதிது வாங்கு” என்கிறார்கள். யாருக்கு லாபம்? ஒரு மடிக்கணினியால் ஏற்படும் கரிப்புகையில் பெரும்பங்கு அதைத் தொழிற்சாலையில் செய்யும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே நான்கு வருஷம் உழைப்பதை எட்டு வருஷம் உழைக்கச் செய்வதே பெரிய சிக்கனம். லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒன்றான ‘பாஸ்’ என்பதைச் சென்னையிலேயே செய்தார்கள். நினைவகம் கொஞ்சம் கூட்டி அதைப் போட்டால் பழைய மெஷினிலும் பாடம் நடக்கும்.

உண்மையிலேயே கெட்டுப் போனதை என்ன செய்வது? காயலான் கடைக்காரருக்கு எடைக்குப் போடுகிறார்கள். அவர் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார். டெல்லி சீலம்பூரில் ஏழை மக்கள் இந்தப் புகையிலேயே ஜீவனம் செய்கிறார்கள். பழைய திரைக் கண்ணாடியிலும் பற்றாசிலும் ஈயம் இருக்கிறது. அது மண்ணில் இறங்கும். தோழர்களே, தண்ணீர் கெட்டால் என்ன ஆகுமென்று தர்மபுரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட பிறகுதான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த விஷமாவது பாறையிலிருந்து தானாக வந்தது. இந்த விஷத்தை நாமே கொண்டுபோய்ப் புதைப்பதா? 2023 ஏப்ரல் முதல் அமலிலிருக்கும் மின்குப்பை விதிகளின்படி, பெரிய ஸ்தாபனங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் இதை ஒப்படைக்க வேண்டும்.

ஆகையால் மாணவத் தோழர்களே, நாளைக் காலை உங்கள் கலாசாலையில் மூன்று கேள்வி கேளுங்கள். இரவில் அணைப்பது யார் பொறுப்பு? மாதம் எத்தனை யூனிட் செலவு? பழையது எங்கே போகிறது? “பெரியவர்கள் சொன்னார்கள்” என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். யந்திரத்துக்கு மரியாதை செய்வதென்றால் பொட்டு வைப்பதல்ல, அறிவோடு உபயோகிப்பதேயாகும்.