பிட்ஸ்பர்க்கில் ஒரு பேஸ்பால் மாலை

(சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில், சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்கப் பயணம் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் உங்களில் பாதிப் பேர் பார்த்தவை. அதனால் ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் கல்லூரி விடுதி நண்பர்கள். மூன்று பேர் அறுபத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது, ஒருவன் தாண்டவில்லை என்று சாதிக்கிறான். நியூஜெர்சியில் இருக்கும் நண்பன் முப்பது வருடமாக அங்கேதான். அவன் மனைவி இரண்டு வருடத்துக்கு முன்னால் புற்றுநோயில் காலமானார். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போவான், வருவான், அவ்வளவுதான். அவனை வெளியே இழுக்கத்தான் போன ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் வரை காரில் போகலாம் என்று திட்டம் போட்டோம். சுமார் 550 கிலோமீட்டர். வழியில் மலைகளைக் குடைந்த நான்கு சுரங்கப் பாதைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் நுழையும்போது பின் சீட்டில் இருந்தவன் குழந்தை மாதிரி கத்திக்கொண்டே வந்தான்.

பிட்ஸ்பர்க்கில் பெருமாள் கோயில் பிரசித்தம். 1970களில் எழுந்த கோயில். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரையும் தயிர் சாதமும். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இவன் மெதுவாகச் சொன்னான்: "சாயங்காலம் மேட்ச்சுக்கு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடா. நான் ரூம்ல இருக்கேன்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கணவனும் மனைவியும் வருடா வருடம் இதே மாதிரி வருவார்களாம். காலையில் கோயில், மாலையில் பேஸ்பால். டிக்கெட் வாங்கியது நான். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஊருக்குத்தான் கிளம்பியிருப்பேன். "சரிடா, யாரும் போக வேண்டாம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாலம் வரைக்கும் வரேன்" என்றான்.

அந்தப் பாலத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர் ராபர்டோ கிளெமென்டே பாலம். மஞ்சள் நிறம், அல்லெகெனி ஆற்றின் மேலே. மேட்ச் நாளில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் திறந்து விடுகிறார்கள். நம் ஊர்த் தேர் வீதி மாதிரி ஜனங்கள் நடக்கிறார்கள், எதிரே அரங்கம். பிஎன்சி பார்க் என்று பெயர், 2001ல் திறந்தது.

கிளெமென்டே புவேர்ட்டோ ரிக்கோக்காரர், பைரேட்ஸ் அணிக்காக 18 வருடம் ஆடினார். 1972 செப்டம்பர் 30ம் தேதி தன் 3000மாவது ஹிட்டை அடித்தார். டிசம்பரில் நிகராகுவாவில் பெரிய நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, 'நானே கூடப் போகிறேன்' என்று அந்த வருடக் கடைசி நாள் இரவு விமானம் ஏறினார். கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. 38 வயது. அவர் சட்டை எண் 21. இந்த அரங்கத்தில் அவர் காவல் காத்த வலது பக்கத்துச் சுவரை 21 அடி உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் பாலத்தின் நடுவில் நின்று சொன்னது அவன்தான். சொல்லிக்கொண்டே நடந்தவன் வாசலே வந்துவிட்டது என்பதைக் கவனிக்கவில்லை. நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

ஆட்டம் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பந்து எறிபவருக்கும் மட்டை பிடிப்பவருக்கும் நடுவே அறுபதரை அடி, நம் பிட்ச்சைவிடச் சற்றுக் குறைவு. பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். பத்தில் மூன்று முறை அடித்துவிட்டால் அவர் பெரிய ஆட்டக்காரர். ஏழு முறை தோற்றவருக்குக் கைதட்டும் விளையாட்டு இது! கூட்டத்துக்குள் வரும் பந்தைப் பிடித்தவர் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். (பி பிளாக் பிள்ளைகளே, இது என் பால்கனிக்குப் பொருந்தாது, உங்கள் பந்துகளைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.) நடுவில் பியரோகி வேடம் போட்டவர்கள் மைதானத்தில் ஓடுகிறார்கள். பியரோகி என்றால் போலந்துக்காரர்களின் கொழுக்கட்டை. கொழுக்கட்டைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்க நமக்கு இன்னும் தோன்றவில்லை.

இந்த அணிக்கு நம்மோடும் ஒரு உறவு உண்டு. 2008ல் உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவரை, ரிங்கு சிங், தினேஷ் படேல், பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இந்த ரிங்கு சிங் ஐபிஎல் ரிங்கு சிங் இல்லை. பேஸ்பாலே ஆடியிராதவர்கள். பெரிய லீக் வரை இருவரும் போகவில்லை. ஆனால் அவர்கள் கதை படமாக வந்தது, இசை நம் ரஹ்மான்.

இரண்டாவது இன்னிங்ஸில் அவன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். ஸ்கோர் நோட்டு. மனைவியுடையது. ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டவராம் அவர். கட்டம் கட்டமாக, பென்சிலில், கோலப் புள்ளி மாதிரி நேர்த்தி. மட்டை வீசி அவுட் ஆனால் கே, வீசாமல் நின்று அவுட் ஆனால் திருப்பிப் போட்ட கே. ரூமில் இருக்கிறேன் என்றவன் அதைக் காலையிலேயே பையில் வைத்திருக்கிறான்!

கடைசியாக எழுதிய பக்கம் ஆறாவது இன்னிங்ஸோடு நின்றிருந்தது. "அன்னிக்கு அவளுக்கு முடியலை. எழுந்து வந்துட்டோம். யார் ஜெயிச்சாங்கன்னுகூட நான் பார்க்கலை" என்றான். எங்களில் ஒருவன் உடனே போனை எடுத்துத் தேடப் போனான். இவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம்டா."

அடுத்த பக்கத்தைத் திருப்பி பென்சிலோடு என்னிடம் கொடுத்தான். நான் எழுதியதில் பாதி தப்பு. கேயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "அழிச்சிட்டு எழுதுடா, ரப்பர் இருக்கு" என்று திட்டினான். விடுதியில் என்னைத் திட்டிய அதே குரல். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த அரங்கமும் எழுந்து நின்று பாடுவது அங்கே வழக்கம். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். நாங்களும் உட்கார்ந்தோம். அப்புறம் ஒன்பதாவது வரைக்கும் இருந்தோம். பைரேட்ஸ் தோற்றுப்போனார்கள்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நம் வாட்ஸப் குழுவில் போடச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நான் படம் எடுக்கவில்லை, அது அவன் நோட்டு. தொப்பி ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், குழந்தைகள் போட்டுப் பார்க்கலாம். சுண்டல் ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.