செல்லாது அளந்தவர்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையின் அருகில் அமைந்த கச்சிராயபாளையத்தில் பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்து வருகிறீர்கள். இவ்விழாவில் சங்கப் பாடலொன்றைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவ்வாறே தொடங்குகிறேன், ஆயினும் முடிக்கும் இடம் வேறு.

புறநானூற்றின் முப்பதாம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் ஞாயிற்றின் செலவையும், அதனைச் சூழ்ந்த வட்டத்தையும், காற்று இயங்கும் திசையையும், ஆதாரமின்றி நிற்கும் ஆகாயத்தையும் அடுக்கிச் சொல்கிறார். இவற்றையெல்லாம் நேரே போய் அளந்து வந்தவர்களைப் போல, இவை இவ்வளவின என்று உரைப்பவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். நாம் இப்பாடலை மேடைதோறும் எடுத்துக்காட்டி, 'அன்றே அறிந்திருந்தான் தமிழன்' என்று கைதட்டல் பெற்றுவிட்டு அமர்ந்துவிடுகிறோம். புலவர் தம் காலத்தில் அளக்க முயன்றவர்களை நினைத்துப் பார்த்தார். நம் காலத்தில் அளந்தவர்களை நாம் நினைத்தோமா என்பதே என் வினா.

அத்தகைய ஒருவரை இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் கே. ஆர். இராமநாதன். 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டில், தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் கல்பாத்தியில் பிறந்தவர். பாலக்காட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்தபோது, 1923இல், நீர்மங்களில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கீற்று ஒன்றைக் கண்டார். நீர்மத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தும் அது மறையவில்லை. 'வலுக்குறைந்த ஒளிர்வு' என்று அன்று குறிக்கப்பெற்ற அதுவே, 1928இல் இராமன் விளைவாக உலகிற்கு விளங்கியது. தம் நோபெல் உரையில் இராமன் இந்த முன்கண்டறிதலைக் குறிப்பிட்டுள்ளார். இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளும் பிப்ரவரி 28. நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும் அந்நாள் இராமநாதனின் பிறந்த நாளும் ஆகும். இதை நினைப்பார் சிலரே.

1925இல் அவர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் கருவிகளைக் கட்டிய பலூன்களை வானில் விட்டு, அவை கீழே விழுந்தபின் தேடியெடுத்துப் பதிவுகளைப் படிப்பார்கள். அத்தகைய பதிவுகளைத் தொகுத்து, 1929இல் 'நேச்சர்' இதழில் அவர் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு மேலே, ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்தில், வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 80 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குகிறது. அதே உயரத்தில் துருவப் பகுதிகளின் மேலுள்ள காற்றுக்கூடப் பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை என்பதை அப்படம் உலகிற்குக் காட்டியது. சித்திரை வெயிலில் நாம் வாடும்போது நம் தலைக்கு மேலேயே கடுங்குளிர் குடியிருக்கிறது. இதனினும் வியத்தகு முரணை எந்தக் கவிஞர் புனைந்திருக்கிறார்?

1948இல் அவர் அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அகவை ஐம்பத்தைந்து. பலருக்கு அது சாய்வு நாற்காலியின் தொடக்கம். அவரோ, விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாதில் தோற்றுவித்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1966 வரை அதனை வளர்த்தார். அவருடைய இரண்டாம் வாழ்வு அங்கேதான் தொடங்கியது.

அந்த வாழ்வின் பெரும்பகுதி அந்திப்பொழுதைச் சார்ந்தது. மாலைப்பொழுது நம் இலக்கியத்தில் பிரிந்தோர் நெஞ்சை வருத்தும் பொழுது. அவருக்கு அது அளக்கும் பொழுது. ஞாயிறு சாயச் சாய, உச்சி வானத்திலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் குறுகிய அலையின் பங்கு குறைந்துகொண்டே போகும்; ஞாயிறு அடிவானை நெருங்குகையில் ஓரிடத்தில் நின்று, மீண்டும் ஏறத் தொடங்கும். இதைக் கண்டறிந்த கோட்சு என்னும் அறிஞர் செர்மன் மொழியில் 'திரும்புதல்' என்று பெயரிட்டார். அத்திருப்பத்தின் வடிவத்தைக் கொண்டு, ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது என்று கணக்கிடலாம். இராமநாதனும் கரந்திகரும் 1949இல் வெப்பமண்டல வானுக்கு இம்முறையைக் கையாண்டனர். நம் வானில் ஓசோனின் மொத்த அளவு குறைவு. அது செறியும் உயரமோ வட நாடுகளைவிட மிகுதி. 1928-29 காலத்தில் டாப்சன் என்ற ஆங்கில அறிஞர் உலகின் சில இடங்களுக்கு அனுப்பிய கருவிகளுள் ஒன்று நம் கொடைக்கானலுக்கு வந்தது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

இன்னும் மேலே போவோம். ஏறத்தாழ 60 கி.மீ. உயரத்திலிருந்து பல நூறு கி.மீ. வரை, ஞாயிற்றின் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்துவிடுகின்றன. அப்பகுதியே அயனி மண்டலம். பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் ஒலித்த நாட்களில் இலண்டனிலிருந்து புறப்பட்ட குரலை நம் திண்ணைக்குத் திருப்பி அனுப்பியது அதுவே. தொலைதூர மத்திய அலை நிலையங்கள் பகலில் மங்கி இரவில் தெளிந்ததற்கும் அதுவே காரணம். அலைகளை விழுங்கும் அதன் கீழடுக்கு இரவில் கரைந்துவிடும்.

தென்தமிழகத்தின் மேலே இம்மண்டலம் தனித்தன்மை உடையது. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால், பகலில் நூறு கி.மீ. உயரத்தை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோடை பாய்கிறது. அந்நடுக்கோட்டின் மேல் மின்னணுக்கள் ஊற்றுநீர்போல் எழும்பி, காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிகின்றன. அவை செறிந்து குவியும் இடங்களுள் ஒன்று அகமதாபாதின் வானம். இராமநாதன் குழுவினர் பால்வீதியிலிருந்து வரும் 25 மெகாஹெர்ட்சு வானொலி இரைச்சலைக் கேட்டு, அயனி மண்டலம் அதில் எவ்வளவை விழுங்கிவிட்டது என்று கணித்தனர். 1961இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. முதுகண்ணன் சாத்தனார் 'போய் அளந்தவர் போல' என்றார். இவர்கள் போகாமலே அளந்தார்கள்.

போய் அளக்கும் காலமும் வந்தது. 1963 நவம்பர் 21 அன்று மாலை தும்பாவிலிருந்து எழுந்த ஏவுகணை சோடிய ஆவியைத் தூவ, அந்திவானில் செம்மஞ்சள் முகில் ஒன்று விரிந்தது. அன்றும் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அவரே.

உலகம் அவரை மதித்தது. 1954 முதல் 1957 வரை அனைத்துலகப் புவிப்புறவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார்; 1961இல் உலக வானிலை அமைப்பின் உயர் பரிசினைப் பெற்றார்; 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1984 டிசம்பர் 31 அன்று மறைந்தார். அடுத்த மே மாதத்தில் அண்டார்க்டிக் வானின் ஓசோன் துளையைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவரைப் போன்றோர் பல்லாண்டுகள் பொறுமையாக எழுதிவைத்த எண்கள் எவ்வளவு தேவையானவை என்பதை அப்போதுதான் உலகம் உணர்ந்தது.

கவிஞர்களே, நாம் 'வெற்று வானம்' என்று எழுதுகிறோம். வானம் வெற்றிடமன்று. அதில் குளிரின் கூரை உண்டு, ஓசோன் திரை உண்டு, மின்னோடை உண்டு, ஊற்றும் உண்டு. இச்சொற்கள் தமிழில் எவ்வளவு இயல்பாக வந்து அமர்கின்றன பாருங்கள்! ஆயினும் இவை பாடநூலின் பக்கங்களில் தேர்வுக்காக மட்டும் காத்துக் கிடக்கின்றன. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து என் வகுப்பில் அமரும் மாணவி, இயற்பியலை ஒரு மொழியிலும் கவிதையை வேறொரு மொழியிலும் கற்கிறாள். அவ்விரண்டும் ஒரே வானத்தைப் பற்றியவை என்று அவளுக்கு யார் சொல்வது? அறிவியலாளர் அளந்து தந்துவிட்டார். சொல்லித் தரவேண்டியவர்கள் சொல்லை ஆளும் நாம்தான்.

பழம்பெருமை பேசுவது எளிது. பழம்புலவன் செய்ததைச் செய்வது அரிது. அவன் தன் காலத்து அறிவைத் தன் பாட்டுக்குள் அழைத்துக்கொண்டான். வரும் பத்தாண்டில் இவ்வட்டத்தின் கவியரங்குகளுள் ஒன்றேனும் நம் காலத்து வானத்தைப் பாடுவதாக அமையட்டும் என்ற வேண்டுகோளோடு அமைகிறேன்.