இலவச மருத்துவமனையும் வண்டி வாடகையும்
(பயிற்சி பெறும் அரசு அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



அரசு மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டணமில்லை. ஆனால் அக்கட்டிலை அடையும் வழி எல்லா வேளையிலும் இலவசமாக அமைவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தினக்கூலி பெறுபவர் நோயுற்ற அன்றே அவர் வருமானம் நின்றுவிடுகிறது. துணைக்கு வரும் மனைவியின் கூலியும் உடன் நிற்கிறது. ஆகவே, வாடகை கேட்கப்படும் வேளையும் கையில் காசில்லாத வேளையும் ஒன்றாகிவிடுகின்றன. சிகிச்சை தொடங்குமுன்பே பாத்திரமோ கொலுசோ அடகுக் கடைக்குச் சென்றுவிடுகிறது.

1992 ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. தனியார் மருத்துவமனையில் அவர் சுமார் 17,000 ரூபாய் செலவிட நேர்ந்தது. 1996 இல் உச்ச நீதிமன்றம், இது அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியதாகும் எனக் கூறி 25,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. கட்டில் மறுக்கப்பட்ட வழக்காகவே பலரும் இதனை நினைவிற் கொள்வர். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டு செல்ல ஆம்புலன்ஸ் ஏற்பாடு வேண்டும் என்றும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. அதனை நினைவூட்டுவார் குறைவு.

2005 ஆகஸ்டில் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிப் பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவிய 108 சேவை, வீட்டிலிருந்து மருத்துவமனை வரையுள்ள முதற்பயணத்தின் சுமையைப் பெரிதும் குறைத்தது. இடர்ப்பாடு அதற்குப் பின்னரே தோன்றுகிறது. "மேல் சிகிச்சைக்கு" என்று சீட்டெழுதியவுடன் இரண்டாம் பயணம். குணமடைந்தோ அடையாமலோ வீடு திரும்புதல் மூன்றாம் பயணம். 2011 சூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இம்மூன்று பயணங்களையும் கர்ப்பிணிகளுக்கும் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கும் இலவசமாக்கியது. அதே வார்டு வாசலில் கால் முறிந்து நிற்கும் சுமைக்கூலிக்கு அவ்வாறான மத்திய உறுதி ஏதுமில்லை.

2008 இல் வந்த ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா திட்டத்தில், ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் வழிச்செலவுக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை என்ற ஏற்பாடு இருந்தது. தொகை சிறிதே, எனினும் வழியும் ஒரு செலவு என்பதை அது ஏற்றுக்கொண்டது. 2018 இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. அதன் பயன்களின் பட்டியலில் வழிச்செலவு காணப்படவில்லை. இது பின்னடைவு என்பதே என் கருத்து.

திட்டம் திருந்தும் வரை நோயாளி காத்திருக்க இயலாது. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் நெறிமுறை, துணை சுகாதார மையங்களுக்கு அளிக்கப்பட்ட நிபந்தனையில்லா நிதியை அவசர நோயாளியைக் கொண்டு செல்லவும் பயன்படுத்த இடமளித்தது. தணிக்கைக்கு அஞ்சி அதனைத் தொடாமல் வைப்பதில் சிக்கனம் ஏதுமில்லை. மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும் மருத்துவரின் அலுவலகமே வண்டியை அழைக்க வேண்டும். உறவினரைத் தெருவிற்கு அனுப்பலாகாது. வாடகை ஊர்தி தவிர்க்க முடியாததெனில், அதன் கட்டணம் மருத்துவமனை வாயிலில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 2020 செப்டம்பரில், கொரோனா நோயாளிகளுக்கான ஆம்புலன்ஸ் கட்டணத்தை மாநிலங்கள் நியாயமான அளவில் நிர்ணயிக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. மற்ற நோயாளிகளுக்கும் அதனைச் செய்யத் தடையிருப்பதாக நான் கருதவில்லை.

நீங்கள் பணியேற்கும் மாவட்டத்தில், வீடு திரும்ப அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரும் வண்டிக்குப் பணமின்றி வராந்தாவிலேயே தங்கியிருப்போர் எத்தனை பேர் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். அந்த எண்ணிக்கைக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இராது. நீங்களே நடந்து சென்று எண்ண வேண்டியிருக்கும்.