பாதியில் நின்ற பயணம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், பாணேரில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் அயல்நாட்டுத் தொடர்பு இல்லாத வீடு அரிது. ஒரு வீட்டின் மகன் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். அடுத்த வீட்டின் மகள் அமெரிக்காவில் குடித்தனம் செய்கிறாள். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகத் தாய் கடல் கடந்து போகிறாள். பேரன் முகம் காணப் பாட்டனார் போகிறார். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் துபாய்க்கும் மலேசியாவுக்கும் குடும்பத்தோடு சுற்றுலா சென்று வருவோரும் நம்மிடையே உண்டு. ஆகவே, கடல் கடந்த பயணம் கொள்ளைநோயால் இடையில் முறிந்தால் என்ன செய்வது என்பது நம் வீட்டுக் கேள்வியாகும். அது பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைவுகூருங்கள். சீனத்தின் வூஹான் நகரில் பயின்று, விடுமுறையில் கேரளத்துக்குத் திரும்பிய மாணவி ஒருவருக்கு கொரோனா நோய் உண்டென்பது ஜனவரி 30-ஆம் நாள் உறுதியாயிற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. அதைச் சோதித்து அறிந்த இடம் எது? நம் பாணேரை அடுத்த பாஷாணிலும் தன் வளாகத்தைக் கொண்டுள்ள தேசிய நச்சுயிரியல் நிலையந்தான். 1952-இல் நச்சுயிர் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1978-இல் இப்பெயர் பெற்ற அந்நிலையம் நம் அண்டை வீடு போன்றது. உலகை உலுக்கிய நோயின் முதல் இந்தியச் செய்தி நம் ஊரிலிருந்தே எழுந்தது என்பதை நம்மில் பலர் அன்று அறியோம்.

அதே வேளையில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் கரையருகே நிறுத்தப்பட்டது. அதில் பயணிகளும் பணியாளருமாக 3,711 பேர் இருந்தனர். பல்வேறு நாடுகளிலிருந்து இன்பச் சுற்றுலா புறப்பட்ட குடும்பங்கள் தத்தம் அறைகளுக்குள் அடைபட்டன. எழுநூறுக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. கப்பலின் ஊழியருள் நம் நாட்டவரும் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் நலமுற்றிருந்தோரைப் பிப்ரவரி மாத இறுதியில் அரசு தன் ஏற்பாட்டில் தனி விமானம் அனுப்பித் தாயகம் சேர்த்தது.

மார்ச் மாதம் 11-ஆம் நாள் இந்நோயை உலகக் கொள்ளைநோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிட்டது. 17-ஆம் நாள் மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பயணிகள் வருவதை நம் அரசு நிறுத்தியது. திரும்புகாலுக்கு வேண்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கோலாலம்பூர் விமான நிலையத்தில் நம் நாட்டவர் பலர் தவித்தனர். அந்நாட்டிலோ மறுநாளே நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. முன்னே போக வழியில்லை. பின்னே திரும்ப இடமில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் பின்பு தில்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் தனி விமானங்களில் கொண்டுவரப்பட்டனர். மார்ச் 22 முதல் அயல்நாட்டுப் பயணி விமானங்கள் யாவும் நம் நாட்டில் இறங்குவது நின்றது.

“சில நாள் பொறுத்திருக்கலாகாதா? ஊர் திரும்பத் துடிக்கும் குடும்பத்தைக் கடல் நடுவே விட்டாற்போல் விடலாமா?” என்று அன்று பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை நம் புனே நகரிலேயே இருக்கிறது.

நாற்பது பேர் அடங்கிய சுற்றுலாக் குழு ஒன்று துபாய் சென்று, மார்ச் முதல் தேதி பம்பாய் விமான நிலையத்தில் வந்திறங்கியது. அக்குழுவில் புனேயைச் சேர்ந்த ஒரு தம்பதியர் இருந்தனர். வாடகைக் கார் ஒன்றில் ஊர் வந்து சேர்ந்தனர். சில நாட்களில் உடல்நலம் குன்றியது. மார்ச் 9-ஆம் நாள், ஊரெல்லாம் ஹோலிப் பண்டிகைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், அவ்விருவருக்கும் நோய் உறுதியாயிற்று. மகாராஷ்டிர மாநிலத்தில் கண்டறியப்பட்ட முதல் நோயாளிகள் அவர்களே. மறுநாள் அவர்கள் மகளுக்கும், காரோட்டிக்கும், உடன் பறந்த பயணி ஒருவருக்கும் நோய் இருப்பது தெரிந்தது.

அன்பர்களே, இந்த வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊர் சுற்றிவந்தோர் இருவர். வீட்டில் வரவேற்ற மகள் ஒருத்தி. கூலிக்குக் கார் ஓட்டிய தொழிலாளி ஒருவர். பக்கத்தில் அமர்ந்து வந்தவர் ஒருவர். இவர்களுள் எவரும் குற்றம் செய்தவர் அல்லர். விமான நிலையத்துக் கருவி உடம்பின் சூட்டை அளக்கும். உள்ளே பதினான்கு நாள் வரை அடைகாக்கும் கிருமியை அது எவ்வாறு அளக்கும்? நோயுற்றவனே தன் நோயை அறியாத நாட்கள் அவை. அதனாற்றான் பயணங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தம்பதியர் மருத்துவர்பால் சென்று, எங்கே போனோம், எதில் வந்தோம், யாருடன் இருந்தோம் என்பன வெளிப்பட்டதனால், தொடர்புடையோரைத் தேடிச் செல்ல மாநகராட்சிக்கு வழி பிறந்தது. நாயுடு மருத்துவமனை என்று ஊரார் அழைக்கும் தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்து, நலமுற்று, மார்ச் 25-ஆம் நாள் குடீ பாட்வா என்னும் மராத்தியப் புத்தாண்டு நாளில் அவர்கள் வீடு திரும்பினர்.

இரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அந்நாட்களில், வீட்டில் தனித்திருக்க வேண்டியவர்களின் இடக்கையில், தேர்தல் மை போன்ற அழியா மையால் மகாராஷ்டிர அரசு முத்திரை குத்தியது. மார்ச் 18-ஆம் நாள், ஜெர்மனியிலிருந்து திரும்பி அவ்வாறு முத்திரை பெற்ற நால்வர், பம்பாயிலிருந்து வடக்கே செல்லும் விரைவு வண்டியில் பயணம் செய்வதை உடன் வந்தோர் கண்டு தெரிவிக்க, அவர்கள் பால்கர் நிலையத்தில் இறக்கப்பட்டனர். அவர்களும் தம் வீட்டுக்குத்தான் சென்றுகொண்டிருந்தார்கள். வீட்டை அடைய வேண்டும் என்னும் தாகம் விதியை மறக்கச் செய்யும். அத்தாகம் எனக்கும் உங்களுக்கும் உண்டு. நான்கே நாளில், 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி வண்டி ஓடிய இந்நாட்டில், பயணி வண்டிகள் யாவும் நிறுத்தப்பட்டன. உணவும் நிலக்கரியும் மருந்தும் சுமக்கும் சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின.

அப்பொழுது இரத்தான வண்டிகளுக்குக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. சீட்டைக் காட்டிப் பணம் பெறும் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. இது சிறு காரியமாகத் தோன்றலாம். ஆனால் பணம் போய்விடுமே என்னும் அச்சமே பலரை நோயோடும் வண்டி ஏறத் தூண்டுவது. “போகாவிட்டால் நட்டமில்லை” என்று நிறுவனம் உறுதி சொன்னால், பயணி வீட்டில் தங்க மனம் இசைவான். வருங்காலத்தில் அயல்நாட்டுப் பயணச்சீட்டு வாங்கும் குடும்பங்கள், சீட்டின் விலையைப் பார்ப்பதோடு, பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பதையும் கேட்டு அறிந்து வாங்க வேண்டும்.

நிற்க. நோயாளியை ஊர் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கும் புனேயின் வரலாறு இரு பாடங்களை வைத்திருக்கிறது. 1897-இல் இந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. அதனை அடக்க வந்த ராண்ட் என்னும் ஆங்கில அதிகாரி வீடு வீடாகப் படைவீரரை ஏவினார். அடுப்படியும் பூசையறையும் பாராது அவர்கள் நுழைந்தனர். மக்கள் அஞ்சி, நோயாளிகளை மறைத்தனர். வெறுப்பு முற்றி, அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். இது ஒரு பாடம்.

அதே ஆண்டில், அதே நகரில், பெண் கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் ஃபுலே அம்மையார், தம் மகனார் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமுக்கு நோயுற்றோரைக் கொண்டுவந்து சேர்த்துப் பணிவிடை செய்தார். அப்பணியிலேயே நோய் தொற்றி, மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார். இது மற்றொரு பாடம். நோயாளியை அதட்டினால் அவன் ஒளிவான். அரவணைத்தால் வாய் திறப்பான். அவன் வாய் திறவாமல் ஊர் பிழைக்க வழியில்லை.

2020-இல் நாம் எப்பாடத்தைப் பின்பற்றினோம்? இரண்டையும் என்றே சொல்ல வேண்டும். உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்த கைகள் ஆயிரம். எனினும் நோயாளிகளின் பெயரையும் குடும்பத்தையும் கைபேசி வழியே ஊரெங்கும் பரப்பினோரும் இருந்தனர். அடையாளத்தை வெளியிடலாகாது என்று அதிகாரிகள் எச்சரிக்க நேர்ந்தது. நம் தாய்த்தமிழ் நாட்டின் தலைநகரில், ஏப்ரல் மாதத்தில், இந்நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நோயாளிக்கு உழைத்தவரின் உடலுக்கே அந்த நிலை என்றால், அயல்நாட்டிலிருந்து திரும்பியவன் உண்மையைச் சொல்லத் துணிவானா?

தமிழராகிய நாம் இதனை மறத்தல் ஆகாது. தனித்து வைக்கப்படும் துயரை நம் முன்னோர் நன்கு அறிவர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழைத் தொழிலாளர், கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். கடல் கடந்து போனவன் நோய் சுமப்பவன் என்று பிறர் பார்த்த பார்வையைத் தாங்கியவர்களின் வழிவந்த நாம், அதே பார்வையை நம் அண்டை வீட்டார் மீது வீசலாமா? நாமும் இம்மாநிலத்துக்கு வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களே அல்லவா?

வழி அடைபட்டோர் யாவரும் ஒரு நாள் திரும்பியே தீருவர். 2020 மே மாதம் 7-ஆம் நாள் முதல் ‘வந்தே பாரத்’ என்னும் பெயரில் விமானங்கள் நம்மவரை ஏற்றி வரத் தொடங்கின. கடற்படையின் கப்பல்கள் மாலைத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளிலிருந்து 3,992 பேரைத் தாயகம் சேர்த்தன. ‘ஜலாஷ்வா’ என்னும் கப்பல் தூத்துக்குடித் துறையை அடைந்தபோது, அதிலிருந்து இறங்கியோருள் எத்தனை குடும்பத்தலைவர்கள், எத்தனை மீனவர்கள்! அவர்கள் கரையில் கால் வைத்தவுடன் வீட்டுக்குப் போய்விட இயலவில்லை. குறித்த நாட்கள் தனித்திருந்த பின்னரே மனைவி மக்களைக் கண்டனர். அந்தச் சில நாட்களைப் பொறுத்தது அவர்கள் ஊருக்குச் செய்த உதவி.

அவ்வுதவிக்கு ஊர் செய்யும் கைம்மாறு என்ன? இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: அயல்நாட்டில் மக்களையுடைய குடும்பங்களின் குறிப்பேடு ஒன்றைச் சங்கம் பாதுகாக்க வேண்டும். நெருக்கடி வந்தால், தனித்து வாழும் முதியோர் எவர், பயணத்தில் சிக்கியோர் எவர் என்பது ஒரு நாழிகையில் தெரிய வேண்டும். அக்குறிப்பேடு செயலாளர் கையை விட்டு வெளியேறலாகாது.

இரண்டு: தனித்திருக்கும் வீட்டின் வாயிலில் பாலும் அரிசியும் மருந்தும் நாள்தோறும் வைத்துவர இளைஞர் குழு ஒன்று வேண்டும். கதவுக்கு வெளியே நின்று, “மாமா, சௌக்கியமா? வேறு என்ன வேண்டும்?” என்று ஒரு குரல் கேட்டாலே பாதி நோய் நீங்கும்.

மூன்று: பயணம் முடிந்து வருவோர், கேட்குமுன்னே தாம் சென்ற ஊரையும் வந்த வழியையும் மருத்துவரிடம் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்னவரைப் பற்றி மாடிப்படியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பேசுவதில்லை என்று நாம் உறுதி பூண வேண்டும்.

2023 மே மாதம் 5-ஆம் நாள், உலக நெருக்கடி நிலை நீங்கியது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் குடும்பங்கள் மீண்டும் பெட்டி கட்டுகின்றன. விமானங்கள் நிறைந்து பறக்கின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் 1897-இல் ஒன்று, 1918-இல் ஒன்று, 2020-இல் ஒன்று என்று கொள்ளைநோய்கள் இந்நகரின் கதவைத் தட்டியுள்ளன. இனியொன்று வாராது என்று எவரால் கூறமுடியும்? வரும் நாளில் நம் காலனியிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தின் பயணம் பாதியில் நிற்குமானால், அவர்கள் திரும்பி வந்து தட்டுகிற கதவு அடைபடாதிருக்கட்டும். அவர்களும் சில நாள் அக்கதவுக்குள் பொறுத்திருக்கட்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் நம் குடியிருப்பு வாழும்.