மணல் யார் பக்கம் சேருகிறது?

(மீனவர்களும், ஆலைத் தொழிலாளர்களும், விவசாயக் கூலிகளும் கூடியிருந்த காட்டுப்பள்ளிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மாற்றம் நல்லதா, கெட்டதா?" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றமாக இருந்தால் வசதி. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மூன்று பேர் பேசிவிட்டால், நடுவர் ஒருவர் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்லி மாலையோடு வீடு போய்ச் சேரலாம். காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டு அப்படிப் பேச முடியுமா? தெற்கே எண்ணூர்த் துறைமுகம். அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இங்கே கப்பல் தளம், இன்னொரு துறைமுகம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை. எல்லாம் ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குள் வந்தவை. மாற்றத்தின் வயிற்றுக்குள்ளேயே நின்று பேசுகிறோம்.

முதலில் மணலைப் பற்றிச் சொல்கிறேன். கடல் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆலைத் தோழர்கள் கேளுங்கள். நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி, அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. 1870களில் வெள்ளைக்கார சர்க்கார் சென்னையில் துறைமுகம் கட்டுவதற்காகக் கடலுக்குள் கற்சுவரை நீட்டியது. வடக்கே போக வந்த மணல் சுவரில் முட்டித் தெற்கே தங்கிவிட்டது. வருஷா வருஷம் தங்கித் தங்கிக் கரை அகன்றது. இன்று ஜனங்கள் சுண்டல் தின்றபடி காற்று வாங்கும் மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே என்ன ஆயிற்று? மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. கல்லைக் கொட்டினார்கள். கொட்டின இடம் தப்பியது, அதற்கு வடக்கே அரித்தது.

ஒரே துறைமுகம், ஒரே கடல். மெரினாவில் நிற்கிறவர் மாற்றம் நல்லது என்பார். ராயபுரத்துக்கு வடக்கே வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர் கெட்டது என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. மணல் யார் பக்கம் சேர்ந்தது, அரிப்பு யார் பக்கம் போயிற்று, சேர்ந்த பக்கத்திலிருந்து இழந்த பக்கத்துக்கு என்ன வந்தது என்று கேட்க வேண்டும்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சை ஜில்லாவிலிருந்து பிழைக்க வந்த தோழர்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் பட்ட பண்ணையாட்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள். பண்ணைக்கும் ஆளுக்கும் உள்ளது பரம்பரை உறவு, அதில் வெளியார் தலையிடக் கூடாது என்று மிராசுதார்கள் சொன்னார்கள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார்கள். அடி நின்றது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த மாற்றம் வேண்டாம் என்று எந்தக் கூலிக்காரராவது சொன்னாரா? அதன் விலையும் சின்னது அல்ல. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விடாததும்தான் அவர்கள் செய்த குற்றம். இந்தக் கரையிலும் பழையது எல்லோருக்கும் இனித்ததில்லை. பழவேற்காட்டில் முறை வைத்து மீன் பிடிக்கும் 'பாடு' ஒழுங்கு இருக்கிறதே, சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள நல்ல ஏற்பாடு; ஆனால் அந்தப் பாட்டில் இருளருக்கு இடம் கிடையாது.

இயந்திரத்துக்கு வருகிறேன். சென்னை ஹார்பரில் ஒரு காலத்தில் மூட்டையை முதுகில் ஏற்றித்தான் கப்பலைக் காலி செய்தார்கள். 1948ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்து, பேர் பதிவும் வேலைக்கு ஓர் ஒழுங்கும் ஏற்பட்டன. 1983ல் கண்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் சுமந்த சுமையை ஒரு கிரேன் தூக்கியது. முதுகு பிழைத்தது, பிழைப்புப் போயிற்று. கிரேனை உடைக்கச் சொல்கிறேனா? இல்லை. மூட்டை சுமந்து கூன் விழுந்தவர்களைப் பார்த்தவன் எவனும் அதைச் சொல்லமாட்டான். இத்தனை பேர் உழைப்பு மிச்சமாயிற்றே, அந்த மிச்சம் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன். எட்டு மணி வேலை ஆறு மணியாகக் குறைந்ததா? குறையவில்லை. கூட்டத்தான் பார்த்தார்கள்.

அதையும் கேளுங்கள். 1918 ஏப்ரல் 27ல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. 1923 மே 1ல் மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1948ல் ஃபாக்டரிச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. இத்தனைக்கும் பிறகு, 2023 ஏப்ரல் 21ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. ஆலைகளில் நாளுக்கு 12 மணி வேலை வாங்க வழி செய்கிற மசோதா. காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பாட்டன் காலத்து வேலை நேரத்துக்குப் புதுச்சட்டை மாட்டி, அதற்கு மாற்றம் என்று பேர் வைத்தால் நாம் கைதட்ட வேண்டுமா? எல்லாச் சங்கங்களும் எழுந்தன. மே 1ஆம் தேதி மசோதா வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம்! பின்னி மில் 1996லேயே மூடிவிட்டது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள். மில்லை இழந்தோம், அந்த மில்லில் தொடங்கிய சங்கப் பழக்கம் கைவிட்டுப் போகவில்லை.

நம் பக்கத்து நன்மைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2010 ஜூலையில் இங்கே கடல்நீர் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் ஆலை அது. திருவொற்றியூரில் நடுராத்திரி குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தாய்மார்களிடம் கேளுங்கள், அது என்ன மாற்றம் என்று சொல்வார்கள். அதே ஆலை உப்பு கூடிய கழிவுத் தண்ணீரை இந்தக் கரையில்தான் விடுகிறது. அவர்கள் குடத்துக்கும் இவர்கள் வலைக்கும் பகையா? இல்லை. ஆனால் குடத்துக்குப் போகிற குழாயைப் போட்டவர்கள் வலைக்கு என்ன செய்தார்கள் என்று அந்தத் தாய்மார்களும் சேர்ந்து கேட்கலாம் அல்லவா? இன்னொன்று. ராயபுரம் ஜனங்கள் நிலக்கரித் தூசியைச் சுவாசித்து அல்லல்பட்டார்கள். 2011ல் ஹைகோர்ட் உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. நல்ல உத்தரவு. நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூருக்கு. மணலைப் போலவேதான், வடக்கே, வடக்கே!

இனித் தனி மனிதனின் பேச்சு. சமுதாயத்துக்கு அவசரமில்லை, ஐம்பது வருஷம் கழித்துக்கூட லாபக் கணக்குப் பார்க்கும். மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள். ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கொண்டல் எப்போது எழும்பும், தண்ணீர் நிறம் மாறினால் எந்த மீன் வரும், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவரைக் கரையிலிருந்து எடுத்து, காக்கிச் சட்டை மாட்டி, கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுதச் சொல்கிறார்கள். சம்பளம் வரும், காண்டிராக்டர் மாறும்வரை. நாற்பது வருஷப் படிப்பு ஒரே நாளில் செல்லாக் காசு. அதற்கு நஷ்ட ஈடு கொடுக்க எந்த ஆபீஸில் பாரம் இருக்கிறது?

அவருடைய மகன் வேறு சொல்வான். "எனக்கு அலையோடு மாரடிக்க வேண்டாம்ப்பா, நான் கிரேன் ஓட்டுகிறேன்" என்பான். மகள் நர்ஸ் படிக்க வேண்டும் என்பாள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பன் தொழிலிலேயே பிள்ளை கிடக்க வேண்டும் என்பது நம்முடைய வாதமாக ஒரு நாளும் இருக்கக் கூடாது. சாதியைக் காப்பாற்றியவர்கள் பேசிய பேச்சு அது. பிள்ளைக்குக் கதவு உண்மையாகத் திறக்கிறதா என்று பார்ப்போம். கப்பல் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் பெயர்ந்தது. கரையைக் கொடுத்தவர்கள் நிரந்தர வேலை கேட்டு வருஷக்கணக்காகக் குரல் கொடுத்திருக்கிறார்கள். கரையை நிரந்தரமாக வாங்கிக்கொண்டவர்கள் வேலையை மட்டும் காண்டிராக்டில் கொடுப்பது என்ன நீதி? ஆற்றில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற தாய்மார்களின் பாடு இன்னும் மோசம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலையின் எண்ணெய் எண்ணூர் ஆற்றில் பரவியது. நஷ்டம் என்றதும் படகைத்தான் எண்ணுகிறார்கள். படகே இல்லாதவள் எந்தக் கணக்கில் வருவாள்?

முன்னே நிற்கிற பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். 2018ல் இந்தத் துறைமுகம் அதானி கையில் போயிற்று. 330 ஏக்கரை 6,110 ஏக்கர் ஆக்கவும், அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுக்கவும், வருஷத்துக்கு 32 கோடி டன் சரக்கு வரை கையாளவும் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரி 22ல் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள். எதிர்ப்பு வந்தது, கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. ஒரு தேதியைத் தள்ளிப்போட்டால் விஷயம் தீர்ந்ததாகாது. 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்தால், மணல் எந்தப் பக்கம் தங்கும், வடக்கே பழவேற்காடு வரை எந்தெந்தக் குப்பத்தைக் கடல் தின்னும்? சென்னைத் துறைமுகம் கட்டியபோது கேட்க ஆளில்லை. இப்போது நாம் இருக்கிறோம்.

எப்போது கூட்டம் என்று தண்டோரா போட்டாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தப் பருவத்தில் எந்த மீன், எத்தனை கூடை, ஏலத்தில் என்ன விலை, எத்தனை பேர் கூலிக்கு வந்தார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு நோட்டுப் போட்டு இன்றிலிருந்தே எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். இறால் தடவுகிற தாய்மார்களின் பேரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆலைத் தோழர்களே, அன்றைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து இவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இங்கிருந்துதான் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது.