முன்கண்ணாடியில் படியும் பனி

தமிழில் 'பனி' என்னும் சொல் மிகவும் பரந்த மனம் படைத்தது. விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி; தெருவையும் மரத்தையும் மறைத்து நிற்கும் மூட்டமும் பனி; இமயத்தின் உச்சியில் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. கொல்கத்தாவில் வந்து குடியேறிய தமிழராகிய நாம், வங்காள மொழி காதில் விழுந்து பழகிய பின்னரே, இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் இருத்தல் எத்துணை வசதி என்பதை உணர்கிறோம். புல்நுனித் துளியை வங்காளிகள் 'சிசிர்' என்பர். தெருவை மறைக்கும் மூட்டத்தைக் 'குயாஷா' என்பர். ஒன்றுக்கு மற்றொன்றின் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படிந்து பார்வையை மங்கச் செய்யும் மெல்லிய படலத்தையும் நாம் பனி என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெளியே பனி, ஆகவே கண்ணாடியிலும் பனி, ஆகவே வெளிக்காற்று உள்ளே புகாதபடி எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்று மனம் தீர்மானித்து விடுகிறது. இத்தீர்மானம் தலைகீழானது. மின்சாரக் காரிலோ, பாட்டரியில் சேர்த்து வைத்த சக்தியையும் அது விழுங்கிவிடும். இதனைச் சற்று விளக்க எண்ணுகிறோம்.

மின்சாரத்தால் ஓடும் வண்டி இந்நகருக்குப் புதியதன்று. 1902ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. (இவ்விஷயத்தில் சென்னை மூத்த நகரம், அங்கே 1895இலேயே மின்சார டிராம் ஓடிற்று, 1953இல் நின்றது. நம் வங்காள நண்பர்களிடம் இதனைச் சொல்லிப் பார்க்கலாம், எளிதில் நம்பமாட்டார்கள்.) 2019 முதல் மாநில அரசின் போக்குவரத்துக் கழகம் மின்சார பஸ்களையும் ஓட்டி வருகிறது. இப்போது நம் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் மின்சாரக் கார்களும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை ஓட்டிக்கொண்டு, மார்கழியிலோ தையிலோ, காலை ஐந்தரை மணிக்கு ஊரிலிருந்து வருபவர்களை அழைத்துவர ஹவுரா ரயில் நிலையத்துக்கோ டம்டம் விமான நிலையத்துக்கோ புறப்படும்போதுதான் தொல்லை எழுகிறது.

பழைய அம்பாஸடர் காரில் இத்தொல்லை அவ்வளவாகத் தெரிந்ததில்லை. உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியின் கதவிடுக்குகளில் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும். அன்று நாம் அதனைக் குறையாகச் சொன்னோம். கண்ணாடியைத் தெளிவாக வைத்திருந்ததில் அக்குறைக்கும் பங்குண்டு. இன்றைய கார்கள் ஒரு டப்பாவைப் போல இறுக மூடிக்கொள்கின்றன.

இனி, அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 15 டிகிரியில் ஏறக்குறைய 13 கிராம்; 13 டிகிரியில் 11 கிராமுக்குச் சற்று மேல். அளவு மிஞ்சினால், மிஞ்சியது குளிர்ந்த பரப்பில் நீர்த்துளியாகப் படியும். கொல்கத்தாவில் தை மாதத்து விடியற்காலையில் உஷ்ணம் 12, 13 டிகிரி வரை இறங்குவதுண்டு. வெளியே 13 டிகிரி, முன்கண்ணாடியின் உட்புறம் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காரின் உள்ளறை சுமார் மூன்று கன மீட்டர். வெளியே மூடுபனி கவிந்திருக்கும்போது கதவை மூடினால், உள்ளே அகப்பட்ட காற்றில் ஏறக்குறைய 34 கிராம் நீராவி இருக்கும். இன்னும் நான்கைந்து கிராம் சேர்ந்தால் போதும், கண்ணாடியில் படியத் தொடங்கிவிடும்.

அந்த நான்கைந்து கிராமைத் தருபவர்கள் யார்? வேறு யாருமில்லை, நாமேதான். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவருடைய மூச்சிலும் தோலிலும் மணிக்கு 30, 40 கிராம் நீர் ஆவியாகிறது. நால்வர் அமர்ந்தால் நிமிஷத்துக்கு இரண்டு கிராம். எல்லாம் இறுக மூடியிருந்தால் இரண்டு மூன்று நிமிஷங்களில் கண்ணாடி மங்கிவிடும். லேக் மார்க்கெட்டிலிருந்து புறப்பட்டு ராஷ்பிஹாரி சந்திப்பு விளக்கை அடைவதற்குள் நிலைமை இது!

இப்போது நம்மில் பலர் செய்வது என்ன? பலகையில் ஒரு விசை இருக்கிறது. கார் உருவத்துக்குள்ளே வளைந்த அம்பு வரையப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றும் விசை அது. சென்னையிலோ மதுரையிலோ கோடையில் அதனை அழுத்துவது முற்றிலும் பொருத்தம். ஒருமுறை குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் சக்தி மிச்சமாகிறது, தெருப்புழுதியும் வாராது. அந்தப் பழக்கத்தை நாம் ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டோம். கொல்கத்தாவின் குளிர்காலத்தில் அதே விசை, நால்வர் மூச்சையும் உள்ளேயே சேமித்து வைக்கும் சாதனமாகி விடுகிறது.

'வெளியேதான் மூடுபனியாயிற்றே, அந்த ஈரக்காற்றையா உள்ளே விடுவது?' என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்; இதற்கான விடையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 13 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் அக்காற்றில் உள்ளது கன மீட்டருக்கு 11 கிராம் மட்டுமே. அதே காற்றைச் சற்றுச் சூடாக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அது தாங்கக்கூடிய 17 கிராமில் மூன்றில் இரண்டு பங்கே நிரம்பியிருக்கும். அதாவது, கண்ணுக்கு ஈரமாகத் தோன்றும் மூடுபனிக் காற்று, காருக்குள் வந்து சூடேறியவுடன் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று வருவதாகக் கொண்டால், நால்வர் விடும் 120 கிராமையும் அது சுமந்துகொண்டு பின்புறத் துளைகள் வழியே போய்விடும். கண்ணாடியில் படிய மிச்சம் இராது. இதற்கு வேண்டியது விசிறியின் சக்தி மட்டுமே. அது சுமார் 100, 200 வாட். வீட்டுக் கூரையில் தொங்கும் இரண்டு மூன்று மின்விசிறிகளுக்கு ஆகும் செலவு.

சூடாக்குவதில்தான் மின்சாரக் கார் பெட்ரோல் காரிலிருந்து வேறுபடுகிறது. பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே சக்கரத்துக்குப் போகிறது. பெரும்பகுதி உஷ்ணமாக வீணாகிறது. வீணாகும் அவ்வுஷ்ணத்தில் சிறிது திருப்பிவிட்டால் காரின் உட்புறம் செலவின்றிச் சூடாகும். மின்சார மோட்டாரோ ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது. சிக்கனமான குடும்பத்தில் மிச்சம் மீதி கிடைக்காதது போல, அதனிடம் இலவச உஷ்ணம் கிடைக்காது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் பாட்டரியிலிருந்தே தனியாக உஷ்ணம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாதனம் முழு வேகத்தில் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். ஒரு நன்மையையும் மறைக்கலாகாது: பெட்ரோல் யந்திரம் சூடேறச் சில நிமிஷங்கள் ஆகும், மின்சாரச் சாதனம் விசையை அழுத்தியவுடனே சூடு தரும்.

கொல்கத்தாவின் தெருக்களை நினைத்துப் பார்த்தால் இக்கணக்கு இன்னும் கடுமையாகிறது. நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் போனால் பெரிது. அதற்கு ஒரு சாதாரண மின்சாரக் கார் சுமார் இரண்டரை யூனிட் செலவிடும். அதே ஒரு மணி நேரம் உஷ்ணச் சாதனம் முழு வேகத்தில் ஓடினால் நான்கு யூனிட் போய்விடும்; வண்டி ஓடுவதற்கு ஆனதைவிட, உட்கார்ந்திருப்பதற்கு ஆன செலவு அதிகம்! வண்டி நின்றால் சக்கரம் சக்தி கேட்பதில்லை; உஷ்ணச் சாதனம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அறை முழுவதையும் சூடாக்க முயல்வது நமக்குத் தேவையில்லாத காரியம். இவ்வூர்க் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். வங்காளிகளின் குரங்குக் குல்லாயை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பரிகசிக்கலாம். பாட்டரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிகச் சிறந்த உஷ்ணச் சாதனம், ஒரு வாட்கூடக் கேளாதது.

உலர்ந்த காற்றைப் பெற இன்னொரு வழியும் உண்டு. பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றும்: குளிரில் ஏ.ஸி.யை ஓட்டுவது. ஏ.ஸி.யின் உள்ளே காற்று 5 டிகிரியை ஒட்டிக் குளிரும்போது அதன் ஈரம் நீராக வடிந்துவிடுகிறது. கன மீட்டருக்கு 7 கிராம் அளவே எஞ்சுகிறது. அக்காற்றைச் சிறிது சூடாக்கிக் கண்ணாடியின் மேல் வீசினால், படலம் மிக விரைவில் மறையும். விசிறி வடிவமும் மேல்நோக்கி எழும் அம்புகளும் வரைந்த விசையை அழுத்தும்போது பல கார்களில் ஏ.ஸி. தானாகவே ஓடத் தொடங்குவது இதனாலேயே. 'குளிரில் ஏ.ஸி. எதற்கு? ஏதோ கோளாறு' என்று எண்ணி அதனை உடனே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தக்கூடாது. குளிர்காலக் காலையில் அதன் செலவு சாதாரணமாக ஒரு கிலோவாட்டுக்கும் குறைவுதான். அதுவும் இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டிப் பின் வெளிக்காற்றையும் விசிறியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியுஷ்ணம் உறைநிலையை நெருங்கும் ஊர்களில் ஏ.ஸி. இவ்வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. அவ்வகையில் கொல்கத்தாவின் குளிர் நமக்கு அனுகூலமானது.

பாட்டரி குறைந்துவிட்டதே என்று அஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையாலோ துணியாலோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுபவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 11 மீட்டர் செல்கிறது. மூன்று விநாடி துடைத்தால் 33 மீட்டர் தூரத்தைச் சரியாகப் பாராமல் கடந்துவிட்டோம் என்று பொருள். அந்நேரத்தில் தெருவில் இருப்பவர் யார்? பத்திரிகைக் கட்டுகளுடன் சைக்கிளில் செல்லும் பையன்; காய்கறி மூட்டைகளை ஏற்றிய மூன்றுசக்கர வான்வண்டியை மிதிப்பவர்; ரவீந்திர சரோவர் ஏரிக்கு உலாவச் செல்லும் முதியவர். இவர்களுள் எவரிடமும் விளக்கு இராது. கையால் துடைத்த இடத்தில் எண்ணெய்ப் பசை படிந்து, எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டவுடன் கண் கூசும். பாட்டரி உண்மையாகவே குறைந்திருந்தால், இருபுறக் கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை இறக்கிவிடுவது மேல். அதற்குச் செலவே இல்லை.

பார்வை மங்கும் ஆபத்து விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளியே வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்ட ஜீன் செர்னன் என்னும் அமெரிக்க வீரருக்கு, உடல் உழைப்பின் வியர்வையாலும் மூச்சாலும் தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி முழுவதும் மங்கிவிட்டது. மூக்கால் தேய்த்து ஒரு சிறு துவாரம் போலத் தெளிவாக்கி அதன் வழியே பார்த்தார். அதன் பின்னரே முகக்கண்ணாடியின் உட்புறத்தில் மங்காமைக்கான திரவத்தைப் பூசும் வழக்கம் வந்தது. சோப்பு போன்ற பொருள் நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய தகடாகப் பரப்பிவிடும். தகட்டின் வழியே பார்க்கலாம், துளிகளின் வழியே பார்க்க முடியாது. நாமும் கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை சுத்தம் செய்து, ஒரு சொட்டு சோப்பு நீரைத் தடவி உலரத் துடைத்து வைக்கலாம். அதிகம் தடவினால் அதுவே கண் கூசச் செய்யும்.

பொங்கலுக்கு முன்தினம் தனி எச்சரிக்கை வேண்டும். லேக் மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையிலையும், நீர் தெளித்த பூவும் வாங்கிக் காரின் பின்னிருக்கையில் போட்டுவிடுகிறோம். அந்த ஈரம் இரவெல்லாம் உள்ளே ஆவியாகி, மறுநாள் காலை பின்கண்ணாடி வரை மங்கியிருக்கும். வாங்கியதை அன்றே இறக்கிவிட்டு, நனைந்த கால்விரிப்பையும் வெளியே எடுத்து உலர்த்துவது நலம். பின்கண்ணாடியில் பதிந்துள்ள மெல்லிய கம்பிகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவை இழுப்பது 200 வாட்டை ஒட்டியே.

வீட்டிலேயே மின்னேற்ற வசதி உள்ளவர்கள் இன்னும் பாக்கியசாலிகள். கம்பி இணைந்திருக்கும்போதே, புறப்படுவதற்குப் பத்து நிமிஷம் முன்னதாக உட்புறத்தைச் சூடாக்கிக் கொண்டால், செலவு வீட்டு மின்சாரத்தின் கணக்கில் போகும். பாட்டரி நிறைவாகவே இருக்கும். 2024இல் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்களாயிருந்த நார்வே நாட்டில், உறைபனிக் காலத்தில் இது அன்றாட வழக்கம். திறந்த வெளியில் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியோ வானத்தை நோக்கி உஷ்ணத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகும். அதன் வெளிப்புறத்தில் படிவதே மெய்யான சிசிர். துடைப்பானை ஒருமுறை ஓட்டினால் அது போய்விடும். கூரையின் கீழோ மரத்தடியிலோ நிறுத்திய வண்டியில் அது குறைவு.

மழைக்காலத்தில் இவையெல்லாம் தலைகீழாக மாறும். ஆடி, ஆவணி மாதங்களில் ஏ.ஸி.யால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில், தெருக்காற்றின் ஈரம் படிகிறது. அப்போது கண்ணாடியின் மேல் குளிர்காற்றை மேலும் வீசினால் படலம் தடித்துக்கொண்டே போகும். காற்றைக் கால்பக்கம் திருப்பி, ஏ.ஸி.யின் குளிரைச் சற்றுக் குறைத்து, வெளித் துடைப்பானை ஓட்ட வேண்டும். எப்புறம் என்று ஐயம் வந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி உட்புறத்தில் ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது; விழாவிட்டால் வெளியே.