குரலும் கோலும் ஊர்தியும்

அவைத்தலைவர் அவர்களே, பத்தாண்டுகளாக இவ்வட்டத்தைப் பேணிவரும் உச்சிப்புளி அன்பர்களே,

முல்லைத்திணை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஏட்டில் உள்ள முல்லையை விட, நம் மாவட்டத்துச் சாலைகளில் நடந்து செல்லும் முல்லையைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

ஆஸ்திரேலியப் பெரும்பண்ணைகளில் குதிரைமீது அமர்ந்தும் நாய்களை ஏவியும் மாடுகளை மடக்கி வந்தனர். இன்று மோட்டார் சைக்கிளும் ஹெலிகாப்டரும் அவ்வேலையில் பெரும்பங்கு கொண்டுவிட்டன. விலங்கா, எந்திரமா என்னும் அவ்வழக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. பாண்டிநாட்டுத் துறைகளில் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அவை அரசனுக்குச் சென்றன, ஆயனிடம் வரவில்லை. நம் ஆயன் நடந்தே மேய்த்தவன். அவன் நாயும் மந்தையை மறித்துத் திருப்பும் நாயன்று. இரவில் நரிக்கும் கள்வர்க்கும் குரைக்கும் காவல்நாய்.

அப்படியாயின் மந்தையை நடத்தியது எது? கோலும் குரலுமே. முல்லைப்பாட்டில், கட்டுண்டு வருந்தும் கன்றைப் பார்த்து ஓர் ஆய்மகள், கோவலர் பின்நின்று ஓட்ட உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். விரிச்சி கேட்டு நின்ற முதுபெண்டிர்க்கு அச்சொல்லே நற்சொல் ஆகிறது. கன்றோடு பேசுவது அந்நாளில் தொழிலின் ஒரு பகுதி.

தை, மாசியில் அறுவடை முடிந்தபின் நம் கீதாரிகள் ஆடுகளோடு தஞ்சைப் பக்கம் செல்வர். சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளும் ஊர்தோறும் வயல்களில் கிடை அமர்த்தப்படுவனவே. கிடை ஓரிரவு கிடந்தால் சாணமும் புழுக்கையும் நீரும் மண்ணுக்கு, கூலி மேய்ப்பவனுக்கு. ஆகவே அந்நடை வெறும் பயணமன்று. வழியே வயலும் வருவாயும் ஆகும். லாரி வழியைச் சுருக்குகிறது. சுருங்கிய வழியில் கிடை இல்லை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யையும், 2003இல் வந்த சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யையும் படித்தவர்கள் இவ்வாழ்வின் கடுமையையும் அறிவர்.

லாரி ஏறுவோரை நான் குறைகூற மாட்டேன். நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளுக்கிடையே சினையாடுகளை நடத்துவது எளிதன்று. குட்டிக் கூடைகளையும் சட்டி பானைகளையும் தலைச்சுமையாகச் சுமந்து நடந்தவர்கள் பெண்கள் என்பதை நடையின் பெருமை பேசும் ஆடவர் சற்று நினைக்க வேண்டும். அப்பெண்களுக்கு ஊர்தி ஓர் உதவியே.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. என் வகுப்பில் ‘கிடை’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன். எவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தனியே வந்து, தன் தந்தையார் கிடைபோடுபவர் என்றாள். பிறர்முன் சொல்ல நாணினாளாம். பிறகு காரி, மயிலை, செவலை, மறை, பில்லை என்று மாட்டின் நிறப்பெயர்களை அடுக்கினாள். தண்ணீருக்கு அழைக்கும் குரல் வேறு, திரும்ப அழைக்கும் குரல் வேறு என்று செய்தும் காட்டினாள். "லாரியில் ஏற்றும்போது இதெல்லாம் வேண்டாம் அம்மா, தலையை எண்ணினால் போதும்" என்றாள்.

நாம் தேடிப்போய்ப் பதிப்பிக்கும் சுவடிகளைவிட அக்குரல்கள் விரைவில் அழியக்கூடியவை. அவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து தொகுக்கும் பணியை இவ்வட்டம் ஏற்க வேண்டுமென்று வேண்டுகிறேன். மாசியில் கிடைகள் புறப்படுமுன் தொடங்குவது நன்று. அம்மாணவி உடன்வர இசைந்திருக்கிறாள்.